சம்பாதிப்பதற்காக மருத்துவம் படிக்கலாமா?

கேட்டிருப்பவர் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் பிளஸ் டூ முடித்து, நீட் தேர்வும் எழுதியிருக்கும் மாணவர். சேவை செய்யவேண்டும் என்ற ஆசை தமக்குப் பெரிதாக இல்லை என்றும், உயிரியல் பாடம் நன்றாக வருகிறது என்றும், நல்ல வருமானம் வேண்டும் என்பதற்காகவே மருத்துவராக நினைப்பதாகவும் எழுதி, இப்படி நினைப்பது தவறா என்று கேட்கிறார். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். கிடைக்காவிட்டால் தோட்டத்தை விற்றாவது தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்கிறார். அதற்குச் சம்மதிக்கலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்கு விடை: தவறு இல்லை. இரண்டாவதற்கு: சம்மதிக்க வேண்டாம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன். நான் பொது மருத்துவன். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது ஈரோடு மாவட்டத்தின் ஒரு சிறு நகரத்தில் தனியாக மருத்துவம் பார்க்கிறேன். மருத்துவத் தொழிலின் வரவு செலவை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பணத்துக்காக ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பதை இழிவாகப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பழக்கம். தேர்வு முடிவு வரும் நாளில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பேன் என்றே சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால்தான் பெரியவர்கள் மகிழ்வார்கள் என்று நாம் பழக்கி வைத்திருக்கிறோம். குமாரபாளையத்தில் தறிக் குடோனில் இரவு ஷிப்டு ஓட்டுகிறவரின் மகளோ, திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறவரின் மகனோ, மாதா மாதம் தவறாமல் சம்பளம் வரும் ஒரு படிப்பு வேண்டும் என்று நினைத்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்து, அவர்கள் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம், மருத்துவப் படிப்பு ஒரு குடும்பத்தை ஒரே தலைமுறையில் தூக்கி நிறுத்தும் என்பதுதான். பெருந்துறையில் இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் இயங்குவது, முன்னர் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கல்லூரியாக இருந்தது. போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று அங்கே இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர் தம் பிள்ளை அங்கே சேரவேண்டும் என்று ஆசைப்பட்டபோது அந்த ஆசையில் வருமானமும் கலந்தே இருந்தது. அதை யாரும் பேராசை என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

ஆகவே உங்கள் எண்ணத்தைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். உங்கள் கணக்கு சரியா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

மருத்துவத்தில் பணம் மிகவும் தாமதமாக வரும். எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணி. இதற்கு முன்பே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிகளில் தங்கி நீட் தேர்வுக்கு மறுபடியும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ போய்விடுகிறது. எனவே எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு வெளியே வரும்போது வயது இருபத்துநான்கு, இருபத்தைந்து. இன்று வெறும் எம்.பி.பி.எஸ். படிப்பை வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்பதால் முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கவேண்டும். அது பெரும்பாலானவர்களுக்கு முதல் முறையே அமைந்துவிடுவதில்லை. எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று ஆண்டு. இதய மருத்துவம், நரம்பியல் போன்ற உயர்சிறப்புப் படிப்புக்குப் போனால் மேலும் மூன்று ஆண்டு. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பெரிய வருமானம் எட்டிப் பார்க்கும்போது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயது ஆகியிருக்கும். உங்களோடு பிளஸ் டூ படித்து, பி.காம். முடித்துவிட்டு இருபத்தொரு வயதில் திருப்பூரில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த நண்பர், அதற்குள் பன்னிரண்டு ஆண்டு சம்பளம் வாங்கி, வீடு கட்டி, ஒருவேளை சொந்தமாக ஒரு யூனிட் போட்டிருப்பார்.

முன்பு இந்தக் காத்திருப்பு இவ்வளவு நீளமாக இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்துத் தாராபுரத்திலோ அந்தியூரிலோ ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்தால் ஆறே மாதத்தில் கூட்டம் வந்த காலம் ஒன்று இருந்தது. உங்கள் அப்பா மனத்தில் இருக்கும் டாக்டர் அந்தக் காலத்து டாக்டர். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் 2014-க்கு முன் சுமார் 51 ஆயிரமாக இருந்தவை, பத்தாண்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரியும், 1986-இல் தொடங்கிய சேலம் கல்லூரியும் நெடுங்காலம் போதுமானவையாக இருந்தன. பிறகு பெருந்துறை அரசுக் கல்லூரியானது. கரூரில் 2019-இல் ஒன்று வந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் நாமக்கல், திருப்பூர், நீலகிரி மாவட்டக் கல்லூரிகளும் அடக்கம். கோவையின் தனியார் கல்லூரிகளும் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியும் இதற்கு மேல். மக்களுக்கு இது நல்லது. நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் சம்பாதிக்க வருகிறவருக்கு இதன் பொருள், சந்தையில் எம்.பி.பி.எஸ். பட்டம் மலிந்துவிட்டது என்பதே. கோவை, ஈரோடு தனியார் மருத்துவமனைகளில் டியூட்டி டாக்டராகச் சேரும் இளைஞருக்கு மாதம் நாற்பது, ஐம்பது ஆயிரத்தில் தொடங்குவதே இன்றும் வழக்கம். அதில் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுப் பணியும் அடக்கம். அரசுப் பணியில் உதவி மருத்துவரின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி சேரும், வேலை நிலையானது. ஆனால் அதற்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் ஏராளமானவர்களோடு போட்டியிட்டு வெல்லவேண்டும்.

இனி, தோட்டம். கொங்கு நாட்டில் வட்டிக் கணக்கு தெரியாத குடும்பம் இல்லை. எனவே அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அண்மை ஆண்டுகளில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் ஆண்டுக்கு நாலரை லட்சம் அளவில். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குப் பதின்மூன்றரை லட்சம் அளவில். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இருபது லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். நிர்வாக ஒதுக்கீட்டையே வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்கு அறுபத்தேழரை லட்சம். விடுதி, புத்தகம், போக்குவரத்து, இதர வசூல் எல்லாம் சேர்த்தால் எண்பது லட்சத்துக்குக் குறையாது. அந்த எண்பது லட்சத்தை நீங்கள் மருத்துவம் படிக்காமல் வங்கியில் 7 விழுக்காட்டு வைப்பில் போட்டால் மாதம் சுமார் 46,600 ரூபாய் வட்டி வரும். ஊரில் சொல்வதுபோல் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு விட்டால் மாதம் எண்பதாயிரம். அதாவது, ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு வந்து, இரவு கண் விழித்து, நோயாளியின் உறவினர் வாயில் விழுந்து நீங்கள் வாங்கப் போகும் முதல் சம்பளத்தை அந்தப் பணம் சும்மா கிடந்தே கொண்டுவந்துவிடும். தோட்டத்தை விற்காமல் கல்விக் கடனாக வாங்கினால், 10 விழுக்காட்டு வட்டியில் பதினைந்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 86 ஆயிரம் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. நாற்பத்தைந்தாயிரம் சம்பளக்காரர் எண்பத்தாறாயிரம் தவணையை எங்கிருந்து கட்டுவார்?

முதுநிலைப் படிப்பு முடித்தால் சமாளித்துவிடலாம் என்று அடுத்த விடை வரும். நல்ல தரவரிசை வந்து அரசு இடம் கிடைத்தால் சரிதான். ஆனால் எம்.பி.பி.எஸ். இடத்தைப் பணம் கட்டி வாங்கும் நிலையில் இருந்தவர், அதைவிடக் கடினமான முதுநிலைத் தேர்வில் மட்டும் முன்னால் வந்துவிடுவார் என்று நம்புவதற்கு இடம் குறைவு. வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். வராதவர்கள் மறுபடியும் பணம் கட்டுகிறார்கள். கதிரியக்கவியல், தோல் நோய் போன்ற கிராக்கியான துறைகளில் தனியார் முதுநிலை இடம் மொத்தத்தில் ஒரு கோடியைத் தாண்டுவதும் உண்டு. முதல் கடன் அடையும் முன்பே இரண்டாம் கடன் தலையில் ஏறுகிறது.

மருத்துவர்களில் யார் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கையால் ஏதாவது செய்கிறவருக்குப் பணம் வருகிறது: இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கிறவர், மூட்டு மாற்றுகிறவர், எண்டோஸ்கோபி செய்கிறவர், குழந்தையின்மைச் சிகிச்சை செய்கிறவர். காப்பீட்டுத் திட்டங்கள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று தொகுப்பாகப் பணம் தருகின்றன. ஒரு நோயாளியிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, மாத்திரை ஒன்றைக் குறைத்து அனுப்புவதற்கு எந்தத் தொகுப்பும் இல்லை. என்னைப் போன்ற பொது மருத்துவரின் கணக்கு எளிது. ஒருவருக்கு 200 ரூபாய் வீதம் நாளுக்கு நாற்பது பேரைப் பார்த்தால் 8,000. மாதம் இருபத்தைந்து நாளுக்கு இரண்டு லட்சம். கட்டட வாடகை, இரண்டு பணியாளர் சம்பளம், மின்கட்டணம், கழிவு அகற்றும் கட்டணம் போக ஒன்றே கால் லட்சம் நின்றால் நல்ல மாதம். நாளுக்கு நாற்பது பேர் வரும் நிலையை எட்டப் பத்தாண்டு ஆகும். உட்கார்ந்தால்தான் வருமானம், எனக்குக் காய்ச்சல் வந்தால் அன்று வருமானம் இல்லை. பெரிய மருத்துவமனையில் சிறப்பு மருத்துவராகச் சேர்ந்தால் முதல் ஓராண்டோ இரண்டாண்டோ மினிமம் கியாரண்டி என்று ஒரு தொகை தருவார்கள். அதன்பின் நீங்கள் கொண்டுவரும் வரும்படியில் பங்கு. அங்கேதான் டார்கெட் என்ற சொல் நுழைகிறது.

கடன் தலைக்கு மேல் இருக்கும் ஒரு மருத்துவரை நினைத்துப் பாருங்கள். தலைவலி என்று ஒரு தறி ஓட்டுகிற பெண் வருகிறார். பேசிப் பார்த்தால் தூக்கமின்மையும் கண்ணாடி பவர் மாறியதும்தான் காரணம் என்று தெரிந்துவிடும். அதைச் சொல்லி அனுப்பினால் இருநூறு ரூபாய். ஸ்கேன் எழுதினால் ஸ்கேன் மையத்திலிருந்து மாதக் கடைசியில் ஒரு கவர் வரும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் இந்தக் கமிஷனை ஐயத்துக்கு இடமில்லாமல் தடை செய்கின்றன. இருந்தும் அது நடக்கிறது என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. அந்தக் கவரை வாங்கும் மருத்துவர்களில் பிறவியிலேயே பேராசைக்காரர் மிகச் சிலர். பெரும்பாலோர் தவணை கட்ட முடியாதவர்கள். முதலில் மாதம் ஒன்று, பிறகு வாரம் ஒன்று, பிறகு யோசிக்காமலே கை எழுதிவிடும். அந்தப் பெண்ணுக்கு அது பத்து நாள் கூலி.

இதன் கடைசிப் படிகளும் நம் மண்ணில்தான் இருக்கின்றன. வேண்டாத பெண் குழந்தையைக் கொன்றுவிடாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992-இல் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெண் குழந்தையை வேண்டாம் என்று நினைத்த குடும்பங்கள் இருந்தன. கருவிலேயே பாலினம் சொல்லிக் காசு வாங்கிய மருத்துவர்களும் இருந்தார்கள். அதற்காகவே 1994-இல் தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் ஸ்கேன் கருவியோடு பிடிபட்டவர்கள் உண்டு. 2025-இல் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை வெளியே வந்தபோது, வட்டி கட்ட முடியாமல் உடல் உறுப்பை விற்ற ஏழையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அந்த உறுப்பை எடுக்கக் கத்தி பிடித்தவரும் மருத்துவப் படிப்பு படித்தவர்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. பணத்துக்காகப் படித்தவர் எல்லாரும் அங்கே போய்ச் சேருவார்கள் என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் என்ன நினைத்துக் கல்லூரியில் சேர்ந்தார் என்பது ஒருவரை அவ்வளவு தூரம் தள்ளுவதில்லை. முப்பது வயதில் எவ்வளவு கடனோடு நிற்கிறார் என்பது தள்ளும். சேவை என்று சொல்லிக்கொண்டு வந்து கமிஷனில் மூழ்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பாதிக்கவே வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, கடன் இல்லாத காரணத்தால் கடைசிவரை நேராக நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றவர்களில் ஒருவருக்கும் தோட்டம் விற்ற வரலாறு கிடையாது.

கருணை பொங்கும் மனம் வேண்டும் என்று நான் உங்களிடம் கேட்கமாட்டேன். வேறொன்று வேண்டும். அதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். நம் பக்கம் மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் தண்ணீர் கட்டக் காட்டுக்குள் போகிறவர்களைப் பாம்பு கடிப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி பார்க்கும் விஷயம். கடித்தது கண்ணாடி விரியனாக இருந்தால் விஷம் இரத்தத்தை உறைய விடாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கவேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத் தண்ணீரில் கழுவியதாக இருந்தாலோ முடிவு தப்பாகிவிடும். இருபது நிமிடம் கழித்து மெல்லச் சாய்க்கும்போது இரத்தம் கட்டியாக நின்றால் அப்போதைக்கு நிம்மதி. தண்ணீர்போல ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றவேண்டும். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி இரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும் என்பதால், அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கவேண்டும். இதையெல்லாம் செய்யாமல், வந்தவரை 108 வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளவும் வழி உண்டு. கேள்வி கேட்க யாரும் இல்லை. மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாது. வழியில் போகும் ஒரு மணி நேரத்தில் சிறுநீரகம் பழுதாகலாம், அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்கு அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? நோய் எப்படி உடலுக்குள் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் உங்களுக்கு இருந்தால் முடியும். உயிரியல் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் நன்றாக வருகிறதா, பாடமே பிடித்திருக்கிறதா என்பதை உங்களுக்குள் பிரித்துப் பாருங்கள். பாடம் பிடித்திருந்தால், பணத்துக்காக வந்தேன் என்ற எண்ணம் போகப் போகத் தானே ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். ஆர்வம் இல்லாதவருக்கு அந்த இரவு தண்டனையாகவே இருக்கும். எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் அவர் 108-ஐத்தான் கூப்பிடுவார்.

பணம் மட்டுமே வேண்டுமென்றால் கொங்கு நாட்டில் வேறு வழிகளுக்குப் பஞ்சமில்லை. கரூரில் ஜவுளி ஏற்றுமதி, நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரியும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, கோவையில் பம்புசெட்டும் பவுண்டரியும் என்று சொந்தமாகத் தொழில் செய்து பெரும் பணம் பார்த்தவர்களில் மருத்துவரைவிடக் குறைவாகப் படித்தவர்கள்தான் அதிகம். தொழிலில் ஆள் வைத்து வேலை வாங்கலாம். முதலாளி தூங்கும்போதும் தறி ஓடும். கோவை பி.எஸ்.ஜி. குடும்பத்தார் மில் தொழிலில் ஈட்டிய சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கி 1926-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். பின்னாளில் அதிலிருந்து மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் வந்தன. பெரிய பணமும் மருத்துவமும் சேர்ந்து நிற்க நம் ஊர் கண்ட நேர்மையான வழி அது: பணத்தைத் தொழிலில் சம்பாதிப்பது, மருத்துவத்தில் செலவழிப்பது.

இதில் மருத்துவத்தின் பக்கம் நியாயமாகச் சொல்லவேண்டியதும் உண்டு. தொழில் விழும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, முந்தைய மாதம் வரை செழிப்பாக இருந்த குடும்பங்கள் வண்டியையும் நகையையும் விற்றதை இந்தப் பகுதியில் எல்லாரும் பார்த்தோம். சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றுக்கு அது தேவைப்பட்ட தீர்ப்பு. ஆனால் அடி அடிதான். மருத்துவர் அப்படி ஒரே நாளில் விழுவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். அறுபத்தைந்து வயதிலும் நாலு பேர் தேடி வருவார்கள். மருத்துவம் பெரும் பணக்காரனாக்கும் என்பது பெரும்பாலும் பொய்; பட்டினி போடாது என்பது உண்மை. நல்ல சம்பாத்தியம் என்று நீங்கள் குறிப்பிடுவது இந்தப் பாதுகாப்பைத்தான் என்றால், மருத்துவம் அதற்குப் பொருத்தமான தேர்வு, இடம் மலிவாகக் கிடைக்கும் வரையில்.

உங்கள் அப்பாவின் கணக்கில் எழுதப்படாத ஒரு வரவும் இருக்கலாம். டாக்டர் மாப்பிள்ளைக்கு நம் பக்கம் பெண் வீட்டார் என்னென்ன செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியே கட்டிக் கொடுக்கும் மாமனார்கள் இருக்கிறார்கள். அதை நம்பி நிலத்தை விற்பது, இன்னொருவர் வீட்டுப் பெண்ணின் தலையில் உங்கள் கல்விக் கட்டணத்தை ஏற்றுவது. அந்த வரவை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால், நாமக்கல்லோ நாகப்பட்டினமோ பார்க்காமல் சேருங்கள். சம்பாதிக்கத்தான் சேர்கிறேன் என்று நிமிர்ந்தே சொல்லலாம். படித்து முடித்து அரசுப் பணிக்குப் போனால், பணியில் இருப்பவர்களுக்கு அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி ஒதுக்கப்பட்டிருப்பதும் உங்களுக்குப் பயன்படும். கடன் வாங்காமல் சிறப்பு மருத்துவராக இதைவிட நல்ல வழி தமிழ்நாட்டில் இல்லை. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் மொத்தச் செலவு முப்பது லட்சம் அளவில் வரும். குடும்பத்துக்கு வேறு வருமானம் இருந்து, பாதியைக் கையிருப்பிலும் பாதியைக் கல்விக் கடனிலும் சமாளிக்க முடியுமானால் யோசிக்கலாம். அதற்கு மேல் போகவேண்டாம். வெளிநாட்டுப் படிப்பு மலிவு என்று ஏஜென்ட் சொல்வார். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து, இங்கே வந்து தகுதித் தேர்வு எழுதி, மறுபடி ஓராண்டு பயிற்சி செய்யவேண்டும். அந்தத் தேர்வில் பெரும்பாலான முறை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தேறுகிறார்கள். தேறாதவருக்குப் பட்டம் இருக்கும், தொழில் செய்ய உரிமை இருக்காது.

அரசு இடம் இந்த ஆண்டு அமையாவிட்டால் ஒரே ஒரு முறை மீண்டும் எழுதிப் பாருங்கள். அதற்கு இணையாகக் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பியுங்கள்; நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், கட்டணமும் குறைவு. காங்கேயம் மாடும் நாமக்கல் கோழியும் இருக்கும் நாட்டில் நல்ல கால்நடை மருத்துவருக்கு வேலை இல்லாமல் போகாது. அந்த விண்ணப்பத் தேதி தனியாக வரும்; நீட் முடிவைப் பார்த்துக்கொண்டு அதைத் தவறவிடாதீர்கள்.

அப்பாவிடம் பேசும்போது மேலே உள்ள வட்டிக் கணக்கைத் தாளில் எழுதியே காட்டுங்கள். பிள்ளைக்காக நிலத்தை விற்கத் துணியும் மனிதரிடம், வேண்டாம் என்று வெறும் வாயால் சொன்னால் நீங்கள் தயங்குவதாக நினைத்துக்கொள்வார். கணக்காகப் பார்த்தால் ஒப்புக்கொள்வார். இன்னொன்றையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள். தனியார் மருத்துவக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும்கூட இன்று நீட் தரவரிசைப்படி அரசுத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு வழியாகவே நிரப்பப்படுகின்றன. இடம் வாங்கித் தருகிறேன், இப்போதே பத்து லட்சம் முன்பணம் கொடுங்கள் என்று வீடு தேடி வரும் புரோக்கரிடம் விற்பதற்கு எந்த இடமும் இல்லை. கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை யாரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.